தஞ்சாவூரிலிருந்து அடிலெய்டு: ஆஸ்திரேலிய ஸ்டேட் நாமினேஷன் பற்றி டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் வெளிநாடு என்றால் ரொம்ப காலம் சிங்கப்பூரும் வளைகுடாவும்தான். இப்போது இஞ்சினியரிங், நர்சிங், அக்ரி படித்தவர்கள் ஆஸ்திரேலியாவையும் விசாரிக்கிறார்கள். விசாரித்த உடனே காதில் விழுவது ‘ஸ்டேட் நாமினேஷன்’. அதைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் கீழே. விதிகளும் கட்டணங்களும் 2025–26 நிதியாண்டு நிலவரம். அங்கே நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும். கட்டணமும் அநேகமாக அன்றைக்குத்தான் ஏறும்.

ஸ்டேட் நாமினேஷன் வந்துவிட்டால் விசா வந்த மாதிரிதானே?

இல்லை. விசா கொடுப்பது ஆஸ்திரேலிய மத்திய அரசின் உள்துறை. மாநிலம் செய்வது பரிந்துரை மட்டும்: “இந்தத் தொழிலுக்கு எங்களிடம் ஆள் குறைவு, இவர் வந்தால் நல்லது” என்று சொல்வது. அந்தப் பரிந்துரையால் உங்களுக்குக் கூடுதல் பாயின்ட் (வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் பார்த்துப் போடும் மதிப்பெண்) கிடைக்கும், உள்துறையிடம் விண்ணப்பிக்க அழைப்பும் வரும். அதன் பிறகு உங்கள் படிப்பு, அனுபவம், உடல்நிலை, போலீஸ் சான்று எல்லாவற்றையும் உள்துறை தனியாகப் பார்க்கும். நாமினேஷன் வந்த கையோடு வேலையை ராஜினாமா செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அவசரம் வேண்டாம்.

189, 190, 491 என்று விசா நம்பர் சொல்கிறார்கள். எனக்கு எது?

189-க்கு மாநிலமும் வேண்டாம், உறவினரும் வேண்டாம். உங்கள் பாயின்ட் மட்டும்தான் பேசும். அதனால் போட்டி கடுமை.

190-க்கு மாநில நாமினேஷன் வேண்டும். அதற்கு 5 பாயின்ட். கைக்கு வருவது நேரடியாக பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு. நாமினேஷன் கொடுத்த மாநிலத்தில் 2 வருடம் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும்.

491 தற்காலிக விசா, 5 வருடம். மாநிலமோ, ரீஜனல் பகுதியில் இருக்கும் உறவினரோ கைகொடுத்தால் 15 பாயின்ட். ரீஜனல் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும், அங்கேதான் வேலை பார்க்க வேண்டும்; இது வெறும் வாக்கு இல்லை, விசா நிபந்தனை. 3 வருடம் அப்படி இருந்த பிறகு 191 என்ற பிஆர் விசாவுக்குப் போடலாம். 2019 நவம்பரில் பழைய 489-க்குப் பதிலாக வந்தது இது.

எது வேண்டும் என்பதைவிட எது கிடைக்கும் என்று பார்ப்பதுதான் காரியம். வெளிநாட்டிலிருந்து போடுகிற பலருக்கு 190-ஐவிட 491 எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

ரீஜனல் என்றால் பட்டிக்காடா?

இந்தக் கேள்வியை மாமனார்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்று பெருநகரங்களைத் தவிர மற்றதெல்லாம் குடியேற்றச் சட்டப்படி ரீஜனல்தான். அடிலெய்டு, பெர்த், கான்பெரா, ஹோபார்ட், டார்வின், கோல்ட் கோஸ்ட், நியூகாசில், வல்லன்காங், ஜீலாங் எல்லாம் அதில் அடக்கம். நாட்டின் தலைநகரமே ரீஜனல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிஜமான சின்ன ஊர்களும் உண்டு. நியூ சவுத் வேல்ஸின் ரிவரினா பகுதியில் லீட்டன், கிரிஃபித் என்று ஊர்கள். வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைகிற பூமி. ஆனால் குறுவை, சம்பா, தாளடி என்றெல்லாம் இல்லை, வருடத்துக்கு ஒரே போகம், அதுவும் தண்ணீர் இருந்தால். தண்ணீர்ச் சண்டை அங்கேயும் இருக்கிறது.

பாயின்ட் எப்படிக் கணக்குப் போடுவது? 65 இருந்தால் போதுமா?

65 என்பது விண்ணப்பிக்கக் குறைந்தபட்சத் தகுதி. வாசல் வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். மாநிலங்கள் அழைப்பது தொழிலைப் பொறுத்து அதைவிட நன்றாக மேலே இருக்கலாம்.

ஒரு கணக்கு பார்ப்போம். திருவாரூர்க்காரர், வயது 31, மெக்கானிக்கல் இஞ்சினியர், 5 வருட அனுபவம், திருமணமானவர் என்று வையுங்கள். வயதுக்கு 30. இளங்கலைப் பட்டத்துக்கு 15. இந்திய அனுபவம் 5 வருடத்துக்கு 10. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 7 எடுத்தால் 10. ஆக மொத்தம் 65. மனைவி நான்கிலும் 6 எடுத்தால் 5 கூடும். தமிழ் சிசிஎல் என்ற மொழிபெயர்ப்புத் தேர்வில் தேறினால் இன்னொரு 5. இப்போது 75. 190 கேட்டால் 80, 491 கேட்டால் 90. அவரே ஆங்கிலத்தில் நான்கிலும் 8 எடுத்தால் இன்னும் 10 கூடும்.

கல்யாணம் ஆகாதவருக்கு, மனைவி வழியாக வரும் பாயின்டுக்குப் பதிலாக, 10 நேரடியாகவே உண்டு. மனைவிக்கும் பட்டியலில் உள்ள தொழிலில் ஸ்கில் அசெஸ்மென்ட் (படிப்பு, அனுபவத்தைச் சரிபார்ப்பது) முடிந்து ஆங்கிலமும் இருந்தால் அதே 10.

வயதை மறக்காதீர்கள். 25 முதல் 32 வரை 30 பாயின்ட். 33 பிறந்த அன்று 25. 40-ல் 15. அழைப்பு வரும் நாளில் 45 ஆகியிருந்தால் கதவு மூடிவிடும். “தம்பி கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளிப் போடுவதில் 32 முடிந்துவிடுகிறது. ஆங்கிலத் தேர்வில் அந்த 5-ஐ மீட்பது எவ்வளவு பாடு என்று எழுதியவர்களைக் கேளுங்கள்.

முதலில் எதைச் செய்ய வேண்டும்?

ஸ்கில் அசெஸ்மென்ட். உங்கள் படிப்பும் அனுபவமும் ஆஸ்திரேலியத் தரத்துக்கு ஈடானவை என்று உரிய அமைப்பு சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். இஞ்சினியருக்கு ‘இஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா’, ஐடி ஆட்களுக்கு ‘ஏசிஎஸ்’, நர்ஸுக்கு ‘ஆன்மாக்’, ஐடிஐ தொழில்களுக்கு ‘டிஆர்ஏ’, அக்ரி முதல் மேனேஜர் வரை பலவகைத் தொழில்களுக்கு ‘வெட்டசெஸ்’.

ஆங்கிலத் தேர்வைக் கூடவே எழுதிவிடலாம். மதிப்பெண் 3 வருடம் செல்லும். பிடிஇ என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, 2025 ஆகஸ்டு 7 முதல் எழுதும் தேர்வுகளுக்குப் பிரிவுவாரியாகத் தேவையான மதிப்பெண் மாறிவிட்டது. பழைய 65, 79 கணக்கை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இஞ்சினியர்கள் பலர் ‘சிடிஆர்’ எழுத வேண்டியிருக்கும்: நீங்கள் செய்த மூன்று வேலைகளைப் பற்றி, நீங்கள் என்ன யோசித்தீர்கள், என்ன கணக்குப் போட்டீர்கள், என்ன முடிவெடுத்தீர்கள் என்று தனித்தனிக் கட்டுரை. ரெடிமேடாக எழுதித் தருகிறோம் என்று விளம்பரம் வரும். பக்கம் போகாதீர்கள். அங்கே நகல் பார்க்கும் மென்பொருள் இருக்கிறது. மாட்டினால் நிராகரிப்பதோடு விடமாட்டார்கள், குறிப்பிட்ட காலத்துக்கு மறுபடி போடவும் முடியாது.

ஐடி ஆட்களுக்கு ஒரு குறிப்பு: ஏசிஎஸ் உங்கள் அனுபவத்தில் முதல் சில வருடங்களைக் கழித்துவிட்டுத்தான் மீதியை எண்ணும். பொதுவாகக் குறைந்தது 2 வருடம் போகும். 5 வருடம் என்று நினைத்தவருக்கு 3 என்று வரும். அதை வைத்துத்தான் பாயின்ட் போட வேண்டும்.

ரைஸ் மில்லில் ஆறு வருடம் மெயின்டனன்ஸ் இஞ்சினியராக இருக்கிறேன். சம்பளம் ரொக்கம். என்ன செய்வது?

டெல்டாவில் அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அனுபவத்தை நம்ப வைக்க இரண்டு விதமான காகிதம் வேண்டும். ஒன்று, என்ன வேலை செய்தீர்கள் என்று காட்டுவது. இன்னொன்று, அதற்குச் சம்பளம் வாங்கினீர்கள் என்று காட்டுவது.

முதலாளி கொடுக்கும் சான்று பெரும்பாலும் “இவர் எங்களிடம் வேலை செய்தார், நல்ல ஒழுக்கமுள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்” என்று மூன்று வரியில் முடிந்துவிடும். மரியாதைக்கு நல்லது, அசெஸ்மென்டுக்கு உதவாது. லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், கையெழுத்துப் போடுகிறவரின் பதவி, தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். வேலை விவரம் துல்லியமாக இருக்க வேண்டும். “மெஷின் பராமரிப்பு” என்று எழுதினால் போதாது. நெல் அவிக்கும் பாய்லருக்கும் டிரையருக்கும் பராமரிப்பு அட்டவணை போட்டது, எலிவேட்டர் பேரிங் அடிக்கடி போவதற்குக் காரணம் கண்டுபிடித்து மாற்றியது, புது ஹல்லருக்கு அடித்தளமும் மோட்டார் திறனும் கணக்கிட்டது, ஃபிட்டர்களை மேற்பார்த்தது என்று, நீங்கள் நிஜமாகச் செய்ததை எழுத வேண்டும். வரைவை நீங்களே தயாரித்து முதலாளியிடம் கொடுத்து, சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவதில் தப்பில்லை. செய்யாததை எழுதுவதுதான் தப்பு.

சம்பளத்துக்கு ஆதாரமாக பேங்க் ஸ்டேட்மென்ட், படிவம் 16, பிஎஃப் பாஸ்புக், வருமான வரிக் கணக்கு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ரொக்கத்தில் வாங்கி வரிக் கணக்கும் தாக்கல் செய்யாதவர்களுக்கு நேராகச் சொல்கிறேன், போன வருடங்களை மீட்பது கஷ்டம். ஆனால் இந்த மாதத்திலிருந்தாவது சம்பளத்தை பேங்க்கில் போடச் சொல்லுங்கள், ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். மூன்று வருடம் கழித்து உங்களிடம் இருப்பது காகிதம் உள்ள மூன்று வருடமாக இருக்கும். 3 வருடத்துக்கு 5 பாயின்ட்.

சொந்த வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் ஜிஎஸ்டி பதிவு, வரிக் கணக்கு, ஆடிட்டர் கடிதம், வாடிக்கையாளர் பில்கள், சப்ளையர் கடிதங்கள் என்று கட்ட வேண்டும்.

அப்புறம், பாயின்டுக்கு எண்ணப்படுவது கடந்த 10 வருடத்துக்குள், அதே தொழிலில், வாரம் குறைந்தது 20 மணி நேரம் ஊதியத்துக்குச் செய்த வேலை. பட்டாவில் பெயர் இருப்பதும், விடுமுறையில் வந்து அறுவடையைப் பார்த்துக்கொண்டதும் இதில் சேராது.

திருச்சி அண்ணா பல்கலைக்கழகம் என்று சர்டிபிகேட்டில் இருக்கிறது. இப்போது அப்படி ஒன்று இல்லையே?

2007-ல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்து திருச்சியில் தனியாக ஒன்று வைத்தார்கள், 2012-ல் மறுபடி சென்னையோடு சேர்த்துவிட்டார்கள். அந்த இடைக்காலத்தில் படித்தவர்களின் பட்டம் செல்லும். டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் முழு மதிப்பெண் பட்டியல்) வாங்க சென்னை கிண்டிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அநேகமாக திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வர நாளாகும். முதல் வாரத்திலேயே போட்டு வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள்.

மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். இது பிரச்சினையா?

பிரச்சினை ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பில் ‘செந்தில் கு’, பட்டத்தில் ‘கு. செந்தில்’, பாஸ்போர்ட்டில் ‘செந்தில் குமாரசாமி’, பிஎஃப்பில் ‘செந்தில்குமார்’ என்று நான்கு விதமாக இருப்பது நம்மூரில் சாதாரணம். அங்கே கோப்பைப் பார்க்கிறவருக்கு இது நான்கு பேர். பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் தாய்ப் பெயர் என்று வைத்துக்கொண்டு ஆங்கிலத் தேர்வு, அசெஸ்மென்ட், ஈஓஐ (அரசுத் தளத்தில் போடும் விருப்பப் பதிவு) எல்லாவற்றிலும் அதையே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். மற்ற காகிதங்களில் உள்ள பெயர்களையெல்லாம் வரிசையாகக் குறிப்பிட்டு, எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், குடும்பப் பெயர் கட்டம் காலி என்றால், ஆஸ்திரேலிய விண்ணப்பத்தில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் போகும்.

பாஸ்போர்ட்டையே திருத்துவதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்துவிடுங்கள்.

தமிழ் தெரிந்தால் 5 பாயின்ட் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் தமிழ் பேசத் தெரிந்தால் போதாது. மொழிபெயர்ப்பாளர்களுக்கான நாட்டி அமைப்பு நடத்தும் சிசிஎல் தேர்வு இது. ஆன்லைனில் இரண்டு உரையாடல்கள். ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவார், நீங்கள் உடனே தமிழில் சொல்ல வேண்டும். இன்னொருவர் தமிழில் பேசுவார், ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 90-க்கு 63 வேண்டும், ஒவ்வொரு உரையாடலிலும் 45-க்கு 29-ஆவது இருக்க வேண்டும். மருத்துவமனை, வாடகை வீடு, காப்பீடு, வழக்கு, பள்ளிக்கூடம், அரசு உதவித்தொகை போன்றவைதான் பேச்சு.

நம் ஆட்கள் சறுக்குவது ஆங்கிலத்தில் அல்ல, தமிழில். “அப்பாவோட பிபி டேப்ளட் டோஸேஜை ஹாஃப் பண்றோம், டூ வீக்ஸ் கழிச்சு பிளட் டெஸ்ட் எடுக்கணும்” என்று நாமெல்லாம் வீட்டில் பேசுகிறோம். தேர்வில் இப்படித் தேவையில்லாமல் மொழி மாறினால் மதிப்பெண் குறையும். “அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை அளவைப் பாதியாகக் குறைக்கிறோம், இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்” என்று தடுமாறாமல் வர வேண்டும். பேச்சுத் தமிழ் வாடையில் சொன்னாலும் பரவாயில்லை, சொல் தமிழாக இருக்கட்டும். தினமும் தமிழ்ச் செய்தித்தாளில் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிப்பது நல்ல பயிற்சி. இதில் ஆங்கில மீடியத்தில் படித்த பேரனைவிட தமிழ் மீடியத்தில் படித்த அப்பாவுக்குக் கை மேலே.

எந்த மாநிலத்துக்குப் போடுவது? ஒருவருக்கு எளிது, இன்னொருவருக்குக் கிடைப்பதில்லை, ஏன்?

மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் என்பது ஒரு கணக்கு, கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் புது ஆற்றுக்கும் எவ்வளவு பிரிகிறது என்பது வேறு கணக்கு. அது மாதிரி மத்திய அரசு ஒவ்வொரு நிதியாண்டும் மாநிலத்துக்கு இவ்வளவு நாமினேஷன் என்று பிரித்துக் கொடுக்கும். 2024–25-ல் 190-க்கும் 491-க்கும் சேர்த்து நாடு முழுவதும் 26,260. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா மூன்றுக்கும் தலா 5,000. குயின்ஸ்லாந்துக்கு வெறும் 1,200. அதே தொழில், அதே பாயின்ட், ஆனால் ஒரு மாநிலத்தில் அழைப்பு வருகிறது, இன்னொன்றில் வரவில்லை என்றால் பாதிக் காரணம் இதுதான்.

மீதிக் காரணம், மாநிலத்தின் விருப்பம். யாரை எடுப்பது என்பதை மாநிலமே முடிவு செய்யும். ஏற்கெனவே தம் மண்ணில் வசித்து வேலை பார்ப்பவர்களுக்குப் பல மாநிலங்கள் முன்னுரிமை தருகின்றன. கான்பெராவுக்கு ‘மேட்ரிக்ஸ்’ என்று தனி மதிப்பெண் முறை இருக்கிறது. விக்டோரியாவில் ஈஓஐ தவிர மாநிலத்துக்கென்று தனி விருப்பப் பதிவும் போட வேண்டும். அதனால் தொழில் பட்டியலில் உங்கள் தொழில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், வெளிநாட்டில் இருப்பவரை அந்தத் தொழிலுக்கு இப்போது எடுக்கிறார்களா, எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்று அந்தந்த மாநில அரசின் தளத்திலேயே படியுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல் அநேகமாகப் போன வருடத்தது.

ஈஓஐ போடுவது எப்படி? தப்பாகப் போட்டால்?

‘ஸ்கில்செலக்ட்’ என்ற அரசுத் தளத்தில் நீங்களே போடலாம். கட்டணம் இல்லை. 2 வருடம் இருக்கும், அழைப்பு வரும் வரை திருத்தலாம். மாநிலம் உங்களைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் காகிதங்களைக் கொடுத்து, அது நாமினேட் செய்ததும் விசா அழைப்பு தானாக வரும். அன்றிலிருந்து 60 நாளுக்குள் விசா விண்ணப்பமும் பணமும் கட்டியாக வேண்டும்.

அழைப்பு வந்த பிறகு ஈஓஐயைத் தொட முடியாது. அதில் கேட்ட பாயின்டைக் காகிதத்தால் நிரூபிக்க முடியாவிட்டால் விசா மறுக்கப்படலாம், கட்டிய பணமும் திரும்பாது. போலிச் சான்று என்று முடிவானால் பொதுவாக 3 வருடம், அடையாளத்திலேயே பொய் என்றால் 10 வருடம் வேறு விசாவும் கிடைக்காது. “5 பாயின்ட் சும்மா ஏத்திப் போடு, யார் பார்க்கப் போறா” என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அத்தை மகன் அடிலெய்டில் இருக்கிறார். அவர் ஸ்பான்சர் செய்ய முடியுமா?

முடியலாம். 491-ல் உறவினர் வழி ஒன்று இருக்கிறது. அப்பா அம்மா, பிள்ளைகள், உடன்பிறந்தவர், மாமா, அத்தை, சித்தப்பா, பெரியப்பா, அண்ணன் தங்கை பிள்ளைகள், தாத்தா பாட்டி, முதல் நிலை ஒன்றுவிட்ட உறவுகள் வரை ஏற்கிறார்கள். அத்தை மகன் அதில் வருகிறார். அவர் குடியுரிமையோ பிஆரோ வைத்திருக்க வேண்டும், ரீஜனல் பகுதியில் வசிக்க வேண்டும். சிட்னியில் இருக்கும் அண்ணன் இதற்கு உதவ மாட்டார். உங்கள் அப்பாவும் அவர் அம்மாவும் உடன்பிறந்தவர்கள் என்று பிறப்புச் சான்றுகளால் காட்ட வேண்டும். “எங்களுக்கு அவர் பங்காளி முறை” என்பதெல்லாம் எடுபடாது.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? பேங்க்கில் பணம் காட்ட வேண்டுமா?

பெரிய தொகை விசாக் கட்டணம். 2025 ஜூலையிலிருந்து முதன்மை விண்ணப்பதாரருக்கு 4,910 ஆஸ்திரேலிய டாலர். மனைவிக்கு அதில் பாதி, 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஏறக்குறையக் கால் பங்கு. டாலர் 58 ரூபாய் என்று வைத்தால் நான்கு பேர் குடும்பத்துக்குச் சுமார் ஐந்தே முக்கால் லட்சம். இதற்கு முன்னாலேயே அசெஸ்மென்ட், ஆங்கிலத் தேர்வு, சிசிஎல், சில மாநிலங்களில் நாமினேஷன் கட்டணம் என்று தனித்தனியாகப் போகும். அப்புறம் விமான டிக்கெட்டும், போய் வேலை கிடைக்கும் வரை சாப்பாடும் வாடகையும்.

மத்திய அரசு பேங்க் இருப்பு கேட்பதில்லை. சில மாநிலங்கள் கேட்கும். நல்ல செய்தி என்னவென்றால், பெரிய பணம் அழைப்பு வந்த பிறகுதான் தேவை. அழைப்பு வரும் முன்பே நகையை அடகு வைப்பதும் நிலத்துக்கு விலை பேசுவதும் தேவையில்லாத வேலை.

மனைவிக்கு ஆங்கிலத் தேர்வு கட்டாயமா?

பாயின்ட் வேண்டாம் என்றால் தேர்வு வேண்டாம், ஆனால் அடிப்படை ஆங்கிலத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆங்கில வழியில் பட்டம் படித்திருந்தால் கல்லூரியிலிருந்து ‘பயிற்று மொழி ஆங்கிலம்’ என்று ஒரு கடிதம் போதும். அது இல்லாவிட்டால், விசாவுக்கு முன் முதன்மைக் கட்டணம் அளவுக்கே இன்னொரு தொகை கேட்பார்கள். ஒரு கடிதத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் மதிப்பு! திருமணப் பதிவுச் சான்றையும் இப்போதே வாங்கிவிடுங்கள். மண்டப ரசீதும் பத்திரிகையும் அதற்கு ஈடாகாது.

நர்ஸுக்கு உடனே கிடைக்கும் என்கிறார்களே?

தேவை இருக்கிறது, உடனே என்று சொல்ல முடியாது. விசா ஒருபுறம், அங்கே நர்ஸாக வேலை பார்க்க ‘ஆப்ரா’ என்ற சுகாதாரப் பணியாளர் அமைப்பில் பதிவு இன்னொருபுறம். இந்தியாவில் படித்தவர்கள் பொதுவாக என்கிளெக்ஸ் தேர்வும், அடிலெய்டில் நேரில் நடக்கும் செய்முறைத் தேர்வும் தேற வேண்டியிருக்கும். அதற்கான செலவையும் காலத்தையும் முதலிலேயே சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

ஐடிஐ முடித்து துபாயில் வெல்டராக இருந்தேன். வாய்ப்பு உண்டா?

உண்டு. டிஆர்ஏ வழியாக, காகிதத்தோடு செய்முறைத் தேர்வும் வரலாம். திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் பாய்லர் வேலை செய்து கைதேர்ந்தவர்களுக்குத் திறமையில் குறை வராது. ஆங்கிலமும் அனுபவக் கடிதமும்தான் இழுக்கும். எலக்ட்ரீஷியனுக்கு அங்கே போன பிறகு மாநில லைசென்ஸ் தனியாக வேண்டும்.

சிங்கப்பூரில் நாலு வருடம் இருந்தேன். போலீஸ் சான்று எங்கே வாங்குவது?

கடந்த 10 வருடத்தில் மொத்தம் 12 மாதம் அல்லது அதற்கு மேல் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டுச் சான்று வேண்டும். இந்தியச் சான்று பாஸ்போர்ட் சேவா வழியாக, கட்டணம் 500 ரூபாய். டெல்டா மாவட்டங்களுக்கு திருச்சி மண்டல அலுவலகம். சிங்கப்பூர்ச் சான்றுக்கு அந்நாட்டுப் போலீஸிடம் ஆன்லைனில் போட்டு, கைரேகையும் கொடுக்க வேண்டும்.

ஏஜெண்ட் தேவையா? எப்படி நம்புவது?

சட்டப்படி தேவையில்லை. வைத்துக்கொண்டால், ஆஸ்திரேலியப் பதிவு பெற்றவரா என்று அரசின் பதிவேட்டில் பெயரையோ 7 இலக்கப் பதிவு எண்ணையோ போட்டுப் பாருங்கள். “நாமினேஷன் கேரண்டி” என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம். கொடுப்பது மாநில அரசு, அவர் அல்ல. ஈஓஐ கணக்கின் பாஸ்வேர்டும் மின்னஞ்சலும் உங்கள் கையில் இருக்கட்டும். திருச்சி, தஞ்சாவூரில் நல்லவர்களும் உண்டு, உங்களுக்குத் தெரியாமல் பாயின்டை ஏற்றிப் போடுகிறவர்களும் உண்டு. பழி வருவது உங்கள் பெயரில்.

விசாவோடு வேலையும் வாங்கித் தருகிறேன் என்றால் அது வேறு விஷயம். 1983-ம் வருட குடியேற்றச் சட்டப்படி அவர் இந்திய அரசில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவராக இருக்க வேண்டும். ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம்.

491-ல் போய் வேலை போய்விட்டால்? பிஆர் கிடைக்குமா?

வேலை போனால் விசா போகாது. எந்த முதலாளியோடும் கட்டப்பட்ட விசா இல்லை இது. ரீஜனல் பகுதிக்குள் வேறு வேலை தேடலாம். அரசு மருத்துவத் திட்டமான மெடிகேரில் சேரலாம். 191-க்கு, 3 வருடம் நிபந்தனையை மீறாமல் இருந்ததும், 3 நிதியாண்டுக்கான வருமான வரி மதிப்பீட்டு நோட்டீஸும் காட்ட வேண்டும். ஆக டாக்ஸி ஓட்டினாலும் கணக்கில் ஓட்டுங்கள். குடியுரிமைக்குச் சட்டப்படி 4 வருட வசிப்பு, அதில் கடைசி 12 மாதம் பிஆர். 491-ல் இருந்த காலமும் அந்த நாலில் சேரும்.

அப்பா அம்மாவை விண்ணப்பத்தில் சேர்க்கலாமா?

முடியாது. மனைவியும் பிள்ளைகளும் மட்டும்தான். பெற்றோருக்கு விசிட்டர் விசா எடுத்துச் சில மாதம் கூட்டிப் போகலாம். நிரந்தரமாக அழைக்கும் பெற்றோர் விசாவுக்கு வரிசை மிக நீளம். ஒரே பிள்ளை என்றால் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு அசெஸ்மென்டுக்குப் பணம் கட்டுங்கள்.

மாநிலம் மறுத்துவிட்டால் மேல்முறையீடு உண்டா?

பொதுவாக இல்லை. காரணம் சொல்லவும் அநேகமாகக் கடமை இல்லை. ஈஓஐ காலாவதி ஆகாத வரை அது உயிரோடுதான் இருக்கும். பாயின்டை ஏற்றி, வேறு மாநிலத்தையும் பாருங்கள்.

கனடாவிலும் இதே மாதிரி இருக்கிறதா?

இருக்கிறது. மாகாண நாமினேஷன் வந்தால் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்ற கனடாவின் பாயின்ட் முறையில் 600 பாயின்ட். அநேகமாகக் கை சேர்ந்த மாதிரிதான். ஆனால் 2025-ல் மாகாணங்களுக்கான இலக்கை 1,10,000-லிருந்து 55,000-ஆகக் குறைத்தார்கள். இப்படித் திடீரென்று மாறும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போய்விட்டால் ஊரில் இருக்கும் நிலம் என்ன ஆகும்? குத்தகைக்கு விடலாமா?

உங்கள் பெயரில் ஏற்கெனவே இருக்கும் நஞ்சை உங்களுடையதுதான். என்ஆர்ஐ ஆன பிறகும் வைத்துக்கொள்ளலாம், அப்பாவிடமிருந்து வாரிசாக வருவதையும் பெறலாம். ஆனால் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. அந்நியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. பக்கத்து வயல் விலைக்கு வருகிறது என்று மெல்போர்னிலிருந்து பணம் அனுப்பி உங்கள் பெயரில் எழுத நினைக்காதீர்கள். வீட்டு மனை, வீடு வாங்கலாம்.

பேங்க் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவருக்கான கணக்கு) ஆக்க வேண்டும். குத்தகைப் பணம், நெல் பணம் அதில்தான் வர வேண்டும். பட்டா மாற்றம், பாகப்பிரிவினை, வாய்தாவில் நிற்கும் வரப்புத் தகராறு எதுவும் இருந்தால் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். தம்பிக்கோ மச்சானுக்கோ பவர் கொடுப்பதாக இருந்தால் ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது சுலபம். அங்கே போய் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும், பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். என்ன செய்யலாம், எதை விற்கக் கூடாது என்று பவரில் தெளிவாக எழுதுங்கள். தம்பிதானே என்று பொதுப்படையாக எழுதிக் கொடுக்காதீர்கள்.